மேலே படகு ஓடும் கடலில் ஸ்கூபா: அடிபடாமல் ஏறி வருவது எப்படி

ஸ்கூபா டைவர் படகில் அடிபடுவது ஆழத்தில் அல்ல, கடைசி இரண்டு மூன்று மீட்டரில். ஃபைபர் படகின் அவுட்போர்டு (பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) விசிறி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர் கீழே சுற்றும். விசைப்படகின் விசிறி ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை இறங்கும். ஐந்து மீட்டரில் நிற்பவரை இரண்டுமே தொடாது. ஆக, ஒரு டைவில் படகால் ஆபத்து உள்ள நேரம் கொஞ்சம்தான்: இறங்கும்போது ஒரு நிமிடம், ஏறும்போது கடைசி ஒரு நிமிடம், பிறகு மேலே மிதந்தபடி படகுக்குக் காத்திருக்கும் நேரம். கீழே சொல்லும் எல்லாமே அந்த நிமிடங்களை எந்த இடத்தில், எதன் கீழே, யார் கண் முன்னால் கழிப்பது என்பதற்கான ஏற்பாடு.

முதலில் வேகக் கணக்கு. 10 நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தில் வரும் ஃபைபர் படகு 100 மீட்டரை 19 விநாடியில் கடக்கும். 25 நாட்டில் வரும் சுற்றுலா ஸ்பீடு போட்டுக்கு 8 விநாடி போதும். ஜாக்கெட்டில் காற்று நிரப்பி மிதக்கும் டைவர் இன்ஃப்ளேட்டரை (ஜாக்கெட்டின் காற்றுக்குழாயை) தூக்கி, காற்றை விட்டு, இரண்டு மீட்டர் கீழே போவதற்குள் அந்த எட்டு விநாடி போய்விடும். அதனால் ‘படகு வந்தால் முங்கிக்கொள்ளலாம்’ என்பது திட்டமே இல்லை.

கொடியை நம்பலாமா?

கட்ட வேண்டும். அதை மட்டும் நம்பி மேலே வரக் கூடாது.

கொடிகள் இரண்டு. சர்வதேசக் குறிக்கொடிகளில் ‘ஆல்ஃபா’ கம்பத்துப் பக்கம் வெள்ளை, மறுபக்கம் நீலம், நீல ஓரத்தில் வால் போல வெட்டு உள்ளது. ‘என் டைவர் தண்ணீருக்குள் இருக்கிறார், தள்ளி மெதுவாகப் போங்கள்’ என்று பொருள். மற்றது சிவப்புத் துணியில் மூலைக்கு மூலை ஓடும் வெள்ளைப் பட்டை. அமெரிக்காவில் பிறந்து இன்று எல்லா டைவ் கடைகளிலும் கிடைக்கிறது. ஆல்ஃபா படகுக்கு உரியது: என்னால் விலக முடியாது, நீ விலகு என்கிறது. சிவப்பு ஆளுக்கு உரியது: இந்த இடத்துக்குக் கீழே ஆள் என்கிறது. படகில் இரண்டையும் கட்டுங்கள். மிதவையில் சிவப்பு போதும்.

கடலில் மோதல் தடுப்புக்கான சர்வதேச விதிகளில் 27ஆம் விதி சிறு டைவ் படகுக்குக் கேட்பது துணிக்கொடியை அல்ல. ஆல்ஃபாவின் விறைப்பான வடிவம், ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல், எல்லாப் பக்கமும் தெரியும்படி இருக்க வேண்டும். காரணம் எளிது. காற்று விழுந்தால் துணி தொங்கிவிடும். காற்று அடித்தாலோ, அது ஓடும் திசையில் வருபவருக்குத் துணியின் விளிம்பு மட்டும் தெரியும். ஒரு மீட்டர் உயர ஒட்டுப்பலகை இரண்டை வெட்டி, கூட்டல் குறி போல ஒன்றில் ஒன்றைச் செருகி, வண்ணமடித்து, படகின் கூரைக்கு மேலே கம்பத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது. கூரைக்குக் கீழே, சிலிண்டர் தாங்கியில் கட்டிய கொடி பாதித் திசைக்கு மறைந்தே இருக்கும். இரவு டைவ் என்றால் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்குகள்.

தூரத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள் டைவர் இருக்க முயல வேண்டும், படகுகள் 300 அடி தள்ளிப் போக முயல வேண்டும். ஆறு, முகத்துவாரம், கப்பல் கால்வாயில் இது 100 அடி. அதற்குள் வர நேர்ந்தால் படகு ஊர்ந்துதான் வர வேண்டும். படகுக் கொடி குறைந்தது 20க்கு 24 அங்குலம், மிதவைக் கொடி 12க்கு 12. ஆட்கள் ஏறியதும் கொடியை இறக்கிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை இங்கேயும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். காலையில் கட்டிய கொடி மாலை கரை சேரும் வரை பறந்துகொண்டிருந்தால், பக்கத்துப் படகுக்காரர்கள் அதை அலங்காரத் துணியாகத்தான் எண்ணுவார்கள்.

சட்டம் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு உலகறிந்த சாட்சி, ஆங்கிலப் பாடகி கிர்ஸ்டி மெக்கோலின் சாவு. 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமேல் தீவில், வேகப்படகு நுழையத் தடை இருந்த டைவ் பகுதியிலேயே, மகன்களோடு மேலே வந்தவர் மீது படகு ஏறியது. ஒரு மகனைப் படகின் பாதையிலிருந்து தள்ளிவிட்டு அவர் இறந்தார்.

நம் கரையில் இன்னொரு சிக்கல். கோவளம், புதுச்சேரி, இராமேசுவரம், கடலுக்கு அந்தப் பக்கம் திருகோணமலை என எங்கே இறங்கினாலும் உங்களைக் கடந்து போகிற படகுகளில் பெரும்பாலானவை மீன்பிடிப் படகுகள். வெள்ளை-நீலக் கொடியின் அர்த்தத்தை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வலையின் முனையில் நிற்கும் மூங்கில் கம்பும் அதன் மேல் துணியும் எல்லோருக்கும் தெரியும். அதன் மேல் ஓட்டினால் கயிறு விசிறியில் சுற்றும், வலைக்காரனோடு தகராறும் வரும் என்பதால் விலகிப் போவார்கள். அதனால் உங்கள் மிதவை எவ்வளவுக்கு எவ்வளவு வலைக்கம்பு மாதிரி உயரமாக நிற்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும் குட்டி ஆரஞ்சு மிதவை நேரெதிர் வேலை செய்யும். அறுந்து வந்த வலை மிதவையோ என்று எடுத்துப் பார்க்கவே படகைத் திருப்புவார்கள்.

முந்தைய நாள் மாலையே செய்ய வேண்டியது

துறைமுக வாய், முகத்துவாரம், கப்பல் தடம் ஆகிய இடங்களில் இறங்காதீர்கள். பெரிய சரக்குக் கப்பலின் அடிப்பாகம் 10 மீட்டருக்கும் கீழே இறங்கும். ஐந்து மீட்டரில் நின்றால் பத்திரம் என்ற கணக்கு அங்கே செல்லாது. அதன் மேல்தளத்தில் நிற்பவருக்கு உங்கள் தலை தெரியவும் தெரியாது, தெரிந்தாலும் கப்பல் நிற்காது.

மீன்பிடிப் படகுகளுக்கு வழக்கமான தடம் உண்டு. டைவர்களுக்குப் பிடித்த பார்தான் (கடலடிப் பாறைத்திட்டு) தூண்டில்காரர்களுக்கும் பிடித்த பார் என்பதை மறக்காதீர்கள். மாலையில் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் நேரில் கேளுங்கள்: ‘அண்ணே, நாளைக்கு எந்தப் பக்கம் தொழில்? வலை எங்க கிடக்கு? எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?’ நீங்கள் எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இறங்கப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஜி.பி.எஸ். எண்ணோடு, கரையில் தெரியும் கோபுரம், கலங்கரை விளக்கம், செல்போன் டவர் இவற்றுக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டுவிடச் சொன்னால் இன்னும் நல்லது. எழுதி ஒட்டுகிற எந்த அறிவிப்பையும்விட இது வேலை செய்யும்.

நேரத்தில் கவனிக்க வேண்டியவை சில. விடியுமுன் போன படகுகள் காலையில் திரும்பும்போது முழு வேகத்தில் வரும். முதலில் சேரும் மீனுக்கு ஏலத்தில் விலை கூடுதல். ஓட்டுபவரின் கண் கரையில் இருக்கும், முன்னால் இருக்கும் தண்ணீரில் இருக்காது. கிழக்குக் கரையில் காலையில் கரை திரும்புபவருக்கு வெயில் முதுகில், அதனால் நிறமுள்ள மிதவை பளிச்சென்று தெரியும். அதே நேரம் கடலுக்குப் புறப்படுபவருக்குச் சூரியன் நேர் கண்ணில். மாலையில் இது தலைகீழ். வெயிலை எதிர்கொண்டு படகுகள் வருகிற திசை எதுவோ அந்தப் பக்கம்தான் கண்காணிப்பாளர் அதிகம் பார்க்க வேண்டும்.

தமிழகக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் காலி என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டுப்படகும் ஃபைபரும் அப்போதும் போகும், கரையை ஒட்டியே போகும். தடை முடிந்து படகுகள் மொத்தமாகக் கிளம்பும் முதல் நாளில் மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் டைவை ஒத்திப்போடுவதே புத்திசாலித்தனம். தெற்கே கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிறு தொழில் இல்லை. ஆனால் சுற்றுலாப் படகுகள் அதிகம் ஓடுவதும் அன்றைக்குத்தான்.

டைவ் படகில்

ஒருவருக்குக் கண்காணிப்பு மட்டுமே வேலை. அவர் சிலிண்டர் மாற்றக் கூடாது, தேநீர் ஊற்றக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. டைவர்களின் குமிழியை ஒரு கண், தொடுவானத்தை ஒரு கண். நிமிடத்துக்கு ஒரு முறை முழு வட்டம் பார்க்க வேண்டும். தூரத்தில் வரும் படகின் ஒரு பக்கம் தெரிந்து, அது இடம் மாறிக்கொண்டே போனால் அது எங்கேயோ போகிறது. முன்மூக்கு மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அது உங்களை நோக்கித்தான் வருகிறது.

அப்படி வந்தால் செய்ய வேண்டியது வரிசையாக: ஹாரனில் ஐந்துக்குக் குறையாத குறுகிய ஒலிகள். ‘நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை’ என்பதற்கான விதிப்படியான குறி இது. வி.எச்.எஃப். (படகு ரேடியோ) 16ஆம் சேனலில் தமிழில் அழைப்பு. நங்கூரம் போடாமல் நிற்கும் படகு என்றால், குமிழிகளிலிருந்து விலகிப் போய், வருகிற படகுக்கும் டைவர்களுக்கும் நடுவில் குறுக்கே நிற்க வேண்டும். நங்கூரமிட்ட படகு என்றால் கயிற்றை மிதவையோடு கழற்றிவிட்டுப் போகும்படி முன்பே முடிச்சுப் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நங்கூரம் இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

துண்டை எடுத்து வீசாதீர்கள். கடலில் துணி வீசினால் ‘உதவிக்கு வா’ என்று பொருள். இரு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது சர்வதேச ஆபத்துக் குறி. இரண்டில் எதைச் செய்தாலும், வருகிற படகுக்காரர் நல்ல மனதோடு இன்னும் வேகமாக, நேராக உங்களிடம் வருவார். கொடியைக் கையால் காட்டி, கை முழுவதையும் ஒரே பக்கமாக நீட்டி ‘அந்தப் பக்கம் போ’ என்று காட்டுங்கள்.

கீழே இருப்பவர்களுக்கும் செய்தி போக வேண்டும். ஏணியின் இரும்புக் குழாயைத் தண்ணீருக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டினால் நன்றாகக் கேட்கும். குறிகள் இரண்டு போதும், அதற்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது: விட்டு விட்டு மும்மூன்றாகத் தட்டினால் ‘இருக்கிற இடத்தில் நில், மேலே வராதே’. நிற்காமல் தட்டினால் ‘டைவ் முடிந்தது, முறைப்படி ஏறு’. இறங்குமுன் எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

மிதவையும் கயிறும்

படகு நங்கூரமிட்டு நிற்க, அதன் கயிற்றைப் பிடித்தே இறங்கி அதன் கயிற்றிலேயே ஏறினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நீரோட்டத்தோடு போகும் டைவில் அது நடக்காது. அப்போது இரண்டு வழி: டைவ் முழுக்க மிதவையை இழுத்துக்கொண்டு போவது, அல்லது ஏறும் நேரத்தில் கீழேயிருந்து ஊதி மேலே அனுப்பும் சாசேஜ் மிதவை. படகு நடமாட்டம் உள்ள இடத்தில், 15 மீட்டருக்குள் என்றால் முதல் வழியையே எடுங்கள். சாசேஜ் மேலே வரும் வரை நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று குமிழியை வைத்துத்தான் படகுக்குத் தெரியும். அலை அரை மீட்டருக்கு மேல் போனால் குமிழியும் தெரியாது.

இழுக்கும் மிதவையின் கம்பு நீருக்கு மேல் ஒரு மீட்டராவது நிற்க வேண்டும், அடியில் ஒன்றிரண்டு கிலோ ஈயம் தொங்க வேண்டும். கயிற்றின் நீளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 12 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் 15 மீட்டர் கயிறு விட்டால் மிதவை அதிகபட்சம் 9 மீட்டர் தள்ளி இருக்கும். 25 மீட்டர் விட்டால் கிட்டத்தட்ட 22 மீட்டர் தள்ளிப் போய்விடும். மிதவையை விட்டு விலகிப் போகிற படகு நேராக உங்கள் தலைக்கு மேலே ஓடும். ஆழம் குறையக் குறையக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். கயிற்றை ஜாக்கெட்டில் கட்டாதீர்கள். மிதவை ஒரு படகில் மாட்டிக்கொண்டால் நீங்களும் மேலே இழுபடுவீர்கள். கையில்தான், விட்டுவிடும்படி.

சாசேஜ் என்றால் 1.4 மீட்டர் நீளத்துக்குக் குறையாதது, ஊதினால் 15 சென்டிமீட்டர் விட்டம், அடியில் காற்று வெளியேறாத வால்வு, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வு. ஒரு மீட்டர்க் குட்டிகள் அலையில் மறையும். ‘டைவர்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அதன் கீழே தமிழில் ‘கீழே ஆள்’ என்று பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். 30 மீட்டர் கயிறுள்ள ரீல் அல்லது ஸ்பூல். இந்த அளவுக் குழாயின் கொள்ளளவு ஏறக்குறைய 25 லிட்டர். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு பார் (நீர்மட்டத்தைப் போல இரு மடங்கு) என்பதால் பாதி நிரப்பினால் மேலே போகும்போது தானே முழுதாகிவிடும். 5 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

ஊதி அனுப்பும் முறை:

1. 10 மீட்டரில் மிதப்பைச் சரிசெய்து நில்லுங்கள். கூட்டாளி எதிரே, ஒரு கை தூரத்தில். தலைக்கு மேலே கயிறோ படகோ இல்லையென்று பாருங்கள்.
2. குழாயை விரித்து ரீலை மாட்டுங்கள். ரீல் கையில் மட்டும் இருக்க வேண்டும், ஜாக்கெட்டின் எந்த வளையத்திலும் மாட்டியிருக்கக் கூடாது.
3. முதலில் ஒரே ஒரு சிறு ஊதல், குழாய் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு. கயிறு விரலிலோ ஆக்டோபஸ் (உபரி மூச்சுக் கருவி) குழாயிலோ சுற்றியிருந்தால் இந்தக் கட்டத்தில்தான் தெரியும்.
4. ரீலின் பூட்டைத் திறந்து, மூச்சை வெளிவிட்டபடி, ஆக்டோபஸால் இரண்டாவது முறை வேகமாக ஊதி விட்டுவிடுங்கள்.
5. ரீல் சிக்கினால் அப்படியே கைவிடுங்கள். 12 லிட்டர் காற்று 12 கிலோ தூக்கும். பிடித்துக்கொண்டிருந்தால் உங்களைப் பத்து மீட்டரும் இழுத்துக்கொண்டு போகும், அதுவும் படகு ஓடும் இடத்துக்கு.
6. மேலே போனதும் தொய்வைச் சுற்றி, இரண்டு மூன்று கிலோ இழுவையில் கீழ்நோக்கி இறுக்கிப் பிடியுங்கள். இறுக்கினால்தான் குழாய் நிமிர்ந்து ஒரு மீட்டருக்கு மேல் தெரியும். தொய்ந்தால் படுத்துவிடும். படுத்த குழாயைப் படகிலிருந்து பார்த்தால் பிளாஸ்டிக் குப்பை.

அனுப்பியதும் ஏறிவிடாதீர்கள். உங்கள் படகு அதைப் பார்த்து அருகே வந்து காவல் நிற்க நேரம் கொடுக்க வேண்டும். அழுத்த நோய் (வேகமாக ஏறினால் உடலில் வாயுக் குமிழி உண்டாகும் நோய்) வராமலிருக்க 5 மீட்டரில் வழக்கமாக நிற்கும் மூன்று நிமிடம் இதற்கும் சேர்த்துத்தான்.

காற்றுக் கணக்கு

பலரும் 50 பாருடன் நீர்மட்டத்துக்கு வரத் திட்டமிடுகிறார்கள். படகு உள்ள கடலில் 5 மீட்டர் நிறுத்தத்தைத் தொடங்கும்போதே 70, 80 பார் இருக்கட்டும். மேலே படகு வட்டமடித்துக்கொண்டிருந்தால் கீழே காத்திருக்க அது வேண்டும். 6 மீட்டரில், நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர் 32 லிட்டர் செலவழிப்பார். பத்து நிமிடக் கூடுதல் காத்திருப்புக்கு 320 லிட்டர், அதாவது 12 லிட்டர் சிலிண்டரில் 27 பார். பதற்றத்தில் மூச்சு வேகம் கூடும் என்பதையும் சேருங்கள். காற்று தீர்ந்துபோய் மேலே வந்தே ஆக வேண்டிய நிலையில்தான் ஆட்கள் படகின் அடியில் போய்த் தலையைக் கொடுக்கிறார்கள்.

கடைசி ஐந்து மீட்டர்

கூட்டமாக ஏறுங்கள். நால்வர் நான்கு இடத்தில் எழுந்தால் காவல் படகு யாரைக் காப்பது? ஒரே கயிற்றைச் சுற்றி, கை எட்டும் தூரத்தில் எல்லோரும் இருக்க வேண்டும். ஐந்து மீட்டரில் ஒரு முழுச் சுற்று திரும்பி மேலே பாருங்கள். படகின் அடிப்பாகமும் அது விட்டுச் செல்லும் வெள்ளை நுரைக் கோடும் நல்ல தெளிவில் தெரியும். கலங்கலில் காது மட்டும்தான். கிளம்பினால் மீட்டருக்கு ஆறு விநாடிக்குக் குறையாமல், ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி, சுற்றிக்கொண்டே ஏறுங்கள். மேலே வந்ததும் மாஸ்க், ரெகுலேட்டர் (வாயில் கடித்து மூச்சு வாங்கும் கருவி) எதையும் கழற்றாமல் இன்னொரு முழுச் சுற்று. அதன் பிறகே படகுக்கு ஓ.கே. குறி. எல்லோரும் மிதவையின் பக்கத்திலேயே இருங்கள். விசிலை நம்பாதீர்கள், இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்காது. வெயிலில் சிறு கண்ணாடி, அந்தியில் டார்ச்.

நீர்மட்டத்தில் மிதப்பவரின் கண் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். அலை சற்று எழுந்தாலும் வரும் படகை அவர் பார்க்க மாட்டார். படகிலும் நிலைமை அதேதான். வேகமெடுத்த ஃபைபரின் முன்மூக்கு தூக்கிக்கொள்ளும், பின்னால் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு முன்னால் பல மீட்டர் தண்ணீர் மறைந்துவிடும்.

சத்தத்தை எவ்வளவு நம்பலாம்

தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும், காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. அந்த வித்தியாசம் இங்கே கால்வாசிக்கும் கீழே போய்விடுவதால் எல்லாச் சத்தமும் தலைக்குள்ளேயே கேட்பது போலிருக்கும். ஆகவே திசையை ஊகிக்காதீர்கள். சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கூடினால் ஏறாதீர்கள். குறைந்து, குறைந்த நிலையிலேயே ஒரு நிமிடம் நீடித்தால் ஏறலாம். சட்டென்று நின்றுபோனால் அதுதான் மோசம். படகு போய்விடவில்லை, உங்கள் மேலேயே இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கிறது, எந்நேரமும் மறுபடி கிளப்பலாம். நேராக வரும் படகில் விசிறிச் சத்தத்தைப் படகின் உடலே ஓரளவு மறைக்கும், அதனால் எதிரே வருவது பக்கத்தில் போவதைவிட மெலிதாகவும் கேட்கலாம். சொந்தக் குமிழியின் இரைச்சல் வேறு. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டாம். வெளிவிட்டு முடித்ததும் வரும் இயல்பான இடைவெளியில் கேளுங்கள்.

மூன்று மீட்டரில் சத்தம் கூடினால் திரும்ப ஆறு மீட்டருக்கு இறங்கிவிடுங்கள். நீர்மட்டத்தில் மாட்டிக்கொண்டால், படகு தூரத்தில் இருக்கும்போதே சாசேஜை இரு கையாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். மிக அருகே வந்துவிட்டது என்றால், வேறு வழியில்லாத கடைசி முயற்சியாக, ரெகுலேட்டர் வாயில் இருக்க, காற்றை முழுக்க விட்டு, தலைகீழாக மடங்கிக் கீழே உதையுங்கள். நீந்தி ஓடப் பார்ப்பதால் பயனில்லை.

ஏணி அருகே

வெளிப் படகுதான் எமன் என்று நினைப்பார்கள். சொந்தப் படகின் விசிறியும் அதே வேலையைச் செய்யும். டைவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். நியூட்ரல் போதாது, ஆட்டத்தில் ஒருவர் கை பட்டால் கியர் விழும். அணைத்து, நிறுத்து கயிற்றை (இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும் கயிறு) கழற்றி ஓட்டுநர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நீளத்தண்டு டீசல் இன்ஜின் பூட்டிய படகுகளில் பலவற்றுக்கு நியூட்ரலே கிடையாது, இன்ஜின் ஓடினால் விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தண்டைத் தூக்கிப் படகுக்குள் போட்ட பிறகே ஆளை அழைக்க வேண்டும். ஏணி பின்பக்கம் இருந்தால், காத்திருப்பவர்கள் படகின் பக்கவாட்டில் விட்ட மிதக்கும் கயிற்றைப் பிடித்து நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஏறியவர்களை எண்ணாதீர்கள், பெயர் சொல்லி அழைத்து அவரவர் குரலில் பதில் வாங்குங்கள். கடைசிப் பெயருக்குப் பதில் வந்த பிறகே கொடி இறங்கலாம், இன்ஜின் கிளம்பலாம்.

ஸ்நார்கல் போடுபவர்கள் நேரம் முழுவதும் நீர்மட்டத்திலேயே இருப்பவர்கள், காது தண்ணீருக்குள், கண் கீழ்நோக்கி. அவர்களைப் படகுகள் ஓடாத, மிதவை கட்டி அடைத்த இடத்தில் மட்டுமே விடுங்கள். மிதவை இழுப்பது அவர்களுக்கும் பொருந்தும்.

அடிபட்டால்

இன்ஜினை அணைத்த பிறகுதான் ஆளை இழுக்க வேண்டும், பதற்றத்தில் இரண்டாவது வெட்டு விழுவது இப்படித்தான். விசிறி வெட்டில் ஆளைக் கொல்வது ரத்தம் போவது. கை காலில் பீய்ச்சினால் காயத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையால் டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குக் கட்டு) கட்டுங்கள். மெல்லிய கயிறு தசையை அறுக்கும். ரத்தம் நிற்கும் வரை குச்சியால் முறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதி, ஆஸ்பத்திரி வரை தளர்த்தாமல் கொண்டுபோங்கள். தொடை இடுக்கு, அக்குளில் கட்ட முடியாது. துணியைக் காயத்துக்குள் திணித்து முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும். வெட்சூட்டைக் கத்தரித்து வேறு காயம் இருக்கிறதா பாருங்கள், அது ரத்தத்தை உள்ளே மறைத்து வைக்கும்.

16ஆம் சேனலில் மேடே (உயிராபத்து அழைப்பு). இந்தியாவில் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கரையில் ஆம்புலன்ஸ் காத்திருக்க 108. இலங்கையில் ஆம்புலன்ஸுக்கு 1990. ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுங்கள். அடிபட்டவர் நிறுத்தங்களை விட்டு வேகமாக மேலே வந்திருக்கலாம், அதனால் வெட்டோடு அழுத்த நோயும் சேர்ந்திருக்கக்கூடும். மருத்துவருக்கு வெட்டு மட்டும்தான் தெரியும். டைவ் செய்துகொண்டிருந்தவர், எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று சொல்லி, அவருடைய டைவ் கம்ப்யூட்டரையும் ஆளோடு அனுப்பிவையுங்கள்.